தோர்னிகே ஊர்க்காரன் ஆன நாள்

அறுவடையின் கடைசி நாள் காலையிலேயே லம்சிரா வீட்டு வாசலில் வந்து நின்றான் தோர்னிகே. தலையில் கம்பளித் தொப்பி, கக்கத்தில் சூடாக நாலு ரொட்டி, காலில் சேறு பூசிய பூட்ஸ். தலைநகர் திபிலிசியில் பிறந்து, திபிலிசியில் படித்து, திபிலிசியில் சம்பளம் வாங்குகிறவனுக்கு எங்கள் பள்ளத்தாக்கில் ஏது சேறு? மழையைக் கண்ணால் பார்த்தே எத்தனையோ நாளாகிறது. எங்கேயாவது வாய்க்கால் ஓரமாகக் காரை நிறுத்தி, இறங்கி மிதித்துவிட்டு வந்திருப்பான். செய்யக்கூடிய ஆள்தான்.

கிணற்றடியில் கத்தரிக்காய் கழுவிக்கொண்டிருந்த லம்சிராவுக்கு அவனைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

"கும்பிடுறேன் பெரியம்மா! ரொட்டி கொண்டாந்திருக்கேன். நம்ம ஊரு அடுப்புல சுட்டது."

"எது நம்ம ஊரு?"

"இதுதான்."

"சரி, அது போகட்டும். அதென்ன பெரியம்மா? உங்கம்மாவுக்கு நான் எப்போ கூடப் பொறந்தேன்?"

சிரித்தான். அதுதான் அவனிடம் இருந்த பெரிய தொல்லை. எதைச் சொன்னாலும் சிரிப்பான். கோபப்படுகிற ஆளோடு சண்டை போடலாம். பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறவனை என்ன செய்ய முடியும்? ரொட்டியைத் திண்டில் வைத்துவிட்டு, கேட்காமலேயே வாளியை எடுத்துத் தண்ணீர் இறைக்க ஆரம்பித்தான். அவனோடு காரில் வந்த ஒரு பெண், பெயர் மார்லீஸ், ஹாலந்துக்காரி, அவன் தண்ணீர் இறைப்பதைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள். லம்சிராவையும் சேர்த்து எடுத்தாள். லம்சிரா ஈரக்கையை உதறிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கோடையில் முதன்முதலாக வந்தபோது இவன் அடித்த கூத்தை ஊரே சொல்லிச் சிரித்தது. ஒயின் கிளாஸைச் சுழற்றினான். மூக்கை உள்ளே விட்டு மோந்தான். "அடியில செர்ரி வாசனை வருது" என்றான். விருந்துத் தலைவன், எங்கள் வழக்கில் தமாதா, ஒரு வார்த்தை சொல்லி வாழ்த்தும் முன்னால் கிளாஸில் வாயை வைத்துவிட்டான். அப்புறம் பாதி குடித்து மீதியைக் கீழே வைத்தான். பக்கத்துத் தோட்டத்து சோலிகோ, "தம்பி, இது ஒயின். ஆஸ்பத்திரி மருந்து இல்ல, மோந்து பாத்துக் குடிக்க" என்றான். அன்றைக்கு எல்லாரோடும் சேர்ந்து லம்சிராவும்தான் சிரித்தாள்.

ஆனால் பயல் விடவில்லை. வாராவாரம் வந்தான். எங்கள் இழுப்பு இழுத்துப் பேசக் கற்றுக்கொண்டான். எந்த வாழ்த்துக்குப் பின் எந்த வாழ்த்து வரும், எப்போது எழுந்து நிற்க வேண்டும், எப்போது உட்கார்ந்தபடி குடிக்கலாம், ஒயின் ஊற்றிய மாட்டுக் கொம்பைக் கையில் வாங்கினால் காலி செய்யாமல் கீழே வைக்கக் கூடாது, செத்தவர்களை நினைத்துக் குடிக்கும்போது ரொட்டியில் ரெண்டு சொட்டு விட வேண்டும், எல்லாம் படித்துவிட்டான். காய்ந்த திராட்சைக் குச்சியை எரித்து, தணல் எந்தப் பதத்துக்கு வந்தால் பன்றி இறைச்சியைச் சுடலாம் என்று இப்போது அவன்தான் சோலிகோவுக்குச் சொல்லுகிறான். ஊரில் சிரிப்பு நின்றுபோயிற்று. "நம்ம தோர்னிகே" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

சும்மா வந்து இதையெல்லாம் கற்றுக்கொள்ள அவனுக்கென்ன பைத்தியமா? அவன் வேலை செய்கிற கம்பெனிக்கு மலைச்சரிவு வேண்டும். அங்கே ஹோட்டல் கட்டி, உலகம் பூராவும் இருந்து ஆட்களைக் கூட்டிவந்து, ஒரு வாரம் ஊர்க்காரர்களாகவே வாழலாம் வாங்க என்று சொல்லப்போகிறார்களாம். மேல்சரிவு சோலிகோவுடையது. அவன் எப்போது வேண்டுமானாலும் விற்கத் தயார். கீழ்ச்சரிவு லம்சிராவுடையது. அதன் வழியாகத்தான் பாதை போட முடியும். கீழ்ச்சரிவு கிடைக்காவிட்டால் மேல்சரிவை வைத்துக்கொண்டு கம்பெனி என்ன பண்ணும்? ஆக, லம்சிரா சரி என்றால் ரெண்டு குடும்பத்துக்கும் விற்பனை. இல்லை என்றால் யாருக்கும் இல்லை.

அவள் இல்லை என்று சொல்லிவிட்டாள். ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு வாரமும்.

அந்தத் தோட்டம் அவளுடைய அப்பா அம்ப்ரோசியுடையது. ஒரே பெண்ணான அவள் பெயருக்கு எழுதி வைத்துவிட்டுத்தான் மனிதர் கண்ணை மூடினார். அவள் புருஷன் ஜும்பர், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரன், வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவன். எங்கள் பக்கம் ஆம்பளையைக் குத்த வேண்டுமென்றால் இதைவிடக் கூர்மையான சொல் கிடையாது. அவன் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, அவனுக்கே தெரியும். ஆனால் மனிதனுக்குக் குரல் இருந்தது! மேஜைத் தலைமாட்டில் அவன் எழுந்து நின்று பேச ஆரம்பித்தால் கல்லும் கண் கலங்கும். நாலு ஊர்க் கல்யாணத்துக்கு அவன்தான் தமாதா. மேஜையில் உட்கார்ந்திருக்கும் வரை அவன் ராஜா. எழுந்து வீட்டுக்குப் போனால் லம்சிராவின் வீடு.

அன்று காலை அவனை நிறுத்தி வைத்துத்தான் கேட்டாள்.

"அந்தப் பயலையும் கூப்பிட்டிருக்கியா?"

"அறுவடை விருந்துக்கு வர்றவனை வராதேன்னு சொல்ல முடியுமா, லம்சிரா? வேலியோரமா நாயி வந்தாக்கூட எலும்பு போடுறோம்."

"மேஜையில நெலத்தைப் பத்தின பேச்சு வரக் கூடாது."

"வராது."

"வந்துச்சுன்னா?"

"தமாதா யாரு, நானா அவனா? நான் விட்டாத்தானே எவனும் வாயைத் திறக்க முடியும். வந்துச்சுன்னா என்னை ஏன்னு கேளு."

அடுக்களையில் சோலிகோவின் மனைவி வெனேரா வால்நட் இடித்துக்கொண்டிருந்தாள். காலையில் உதவிக்கு வந்தவள்தான். ஆனால் அவள் உலக்கை போட்ட வேகத்தைப் பார்த்தால் உரலுக்குள் லம்சிரா இருக்கிறாளோ என்று தோன்றும். லம்சிரா கத்தரிக்காயை வறுத்து எடுத்து, இடித்த வரைக்கும் வால்நட் விழுதைத் தடவிச் சுருட்ட ஆரம்பித்தாள். கடைசியில் வெனேராதான் ஆரம்பித்தாள்.

"அக்கா, எங்க கூரையை நீ பாத்திருக்க இல்ல?"

"பாத்திருக்கேன்."

"மழை பெஞ்சா நானும் அந்த மனுஷனும் குண்டா தூக்கிட்டு ஓடுறதைப் பாத்திருக்க."

"பாத்திருக்கேன் வெனேரா."

"பாத்துட்டு எப்படி உனக்குச் சோறு எறங்குது?"

"உன் கூரை ஒழுகினா நான் என் தோட்டத்தை விக்கணுமா? சோலிகோ ஏறி ஓடு மாத்தட்டும். குடிக்கிற நேரத்துல பாதி நேரம் போதும்."

வெனேரா உலக்கையை நிறுத்தினாள். "யாருக்காக இப்படிக் கட்டிக் காக்குற? புள்ளையா, குட்டியா? நீ போனா அதை யாரு தின்னப் போறா?"

இதைச் சொல்வாள் என்று லம்சிராவுக்குத் தெரியும். எல்லாரும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார்கள். சுருட்டிய கத்தரிக்காயைத் தட்டில் நெருக்கி அடுக்கினாள்.

"எனக்காகத்தான் காக்குறேன். நான் இன்னும் சாகலையே" என்றாள். "வால்நட் போதும், நிறுத்து. எண்ணெய் விட்டுடுச்சு."

மத்தியானம் வாதுமை மரத்தடியில் நீள மேஜை போட்டார்கள். தலைமாட்டில் ஜும்பர், வலது பக்கம் சோலிகோ, இடது பக்கம் தோர்னிகே, அவனுக்கு அப்பால் மார்லீஸ், பிறகு திராட்சை பறிக்க வந்த ஆட்கள். சுட்ட இறைச்சி, பாலாடைக் கட்டி, தக்காளி, ரொட்டி, கத்தரிக்காய்ச் சுருள், போன வருஷத்துக் கறுப்பு ஒயின். பரிமாற லம்சிராவும் வெனேராவும். உட்காரச் சொன்னார்கள். லம்சிரா உட்காரவில்லை. தோர்னிகேவுக்கு எதிரே உட்கார்ந்தால் அவளுக்கு ஒரு வாய்கூட இறங்காது.

ஜும்பர் எழுந்தான். முதலில் கடவுளுக்கும் சமாதானத்துக்கும், பிறகு நாட்டுக்கு, பிறகு இந்த வருஷத்துத் திராட்சைக்கு. அடேயப்பா, அன்றைக்கு என்ன பேச்சு! இலையுதிர்ந்த கொடியைப் பற்றிச் சொன்னான், வெட்டும்போது கொடியின் நுனியில் முட்டும் நீரைப் பற்றிச் சொன்னான், ஆட்கள் வாயைத் திறந்தபடி கேட்டார்கள். அடுப்படிக் கதவில் சாய்ந்து நின்ற லம்சிராவுக்கே ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது. தோர்னிகே ஒரு தப்புகூடச் செய்யவில்லை. எழுந்து நிற்கும்போது நின்றான், அடிவரைக்கும் குடித்தான், ரெண்டு வாழ்த்துக்கு இடையில் ஒரு சொட்டுகூட நாக்கில் படவில்லை. அந்த ஹாலந்துப் பெண் அவசரப்பட்டுக் கிளாஸை எடுத்தபோது அவள் கையை மெதுவாகப் பிடித்து வைத்தான்.

பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"தமாதா அனுமதி குடுத்தா, நானும் ஒரு வார்த்தை சொல்லட்டுமா?"

லம்சிரா நிமிர்ந்தாள். வேண்டாம் என்று ஜும்பரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அவன் பார்த்தானா, பார்க்காத மாதிரி இருந்தானா, அது கடவுளுக்கு வெளிச்சம்.

"சொல்லு தம்பி. சோலிகோ, அவனுக்குக் கொம்பை ரொப்பிக் குடு!"

தோர்னிகே கொம்பை ரெண்டு கையாலும் வாங்கினான். "நான் இங்க வந்தப்போ முட்டாள். கிளாஸை மோந்து பாத்த பய."

எல்லாரும் சிரித்தார்கள்.

"எனக்குக் குடிக்கக் கத்துக் குடுத்தது இந்த மனுஷன். எப்படி நிக்கணும், எப்படிப் பேசணும், ஆம்பளைன்னா எப்படி இருக்கணும், எல்லாம் இவர்கிட்டதான் கத்துக்கிட்டேன். ஊர்ல சிலபேர் இவரை வெளியூர்க்காரர்னு நெனைக்கலாம். நான் கேக்குறேன், அந்தச் சரிவுல இவரு கை படாத கொடி ஒண்ணு இருக்கா? பனியில யாரு போய் வெட்டினா? வெயில்ல யாரு மருந்தடிச்சா? அப்புறம் எஜமான் யாரு? பேரு இருக்கிறவங்களா, பாடுபட்டவரா?"

 சோலிகோ கிளாஸைப் பார்த்துக்கொண்டே, "சரியாத்தான் சொல்றான்" என்றான்.

"நான் இந்தத் தோட்டத்து எஜமானுக்காகக் குடிக்கிறேன். அவரு ஒரு வார்த்தை சொன்னா அடுத்த அறுவடைக்கு இந்தச் சரிவெல்லாம் விளக்கெரியும். இந்த ஊர்ப் பசங்க வேலை தேடிப் போலந்துக்கு ஓட வேண்டாம். ஒரு வார்த்தை! அதைச் சொல்லத் துணிஞ்ச ஆம்பளைக்கு, கௌமார்ஜோஸ், ஜெயமாகட்டும்!"

ஒரே மூச்சில் குடித்தான். கொம்பை மறுபடி விளிம்பு வரை நிரப்பி ஜும்பரின் கையில் கொடுத்தான்.

நல்ல வலைதான் விரித்திருந்தான், பாவி. கொம்பு கையில் வந்துவிட்டால் குடிக்கத்தான் வேண்டும். வைக்க இடம் கிடையாது, கொம்பு நிற்காது. குடித்தால் சொன்னதை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். குடிக்காமல் ஊற்றினால், நாலு ஊருக்கு வாழ்த்துச் சொன்ன வாய்க்கு மதிப்பு என்ன? அவன் வாழ்நாள் பூராவும் சேர்த்து வைத்த ஒரே சொத்து அந்த மதிப்புதான்.

ஜும்பர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். லம்சிரா கையில் தட்டோடு நின்றாள்.  சொல்ல வேண்டியதைக் காலையிலேயே சொல்லியாயிற்று. அவன் கண்ணில் ஒரு கெஞ்சல் வந்ததை அவள் பார்த்தாள், அது போனதையும் பார்த்தாள். கொம்பைத் தூக்கினான். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தான்.

"குடுத்தேன்!" என்றான். அவனுடைய அந்தக் குரலில், மரத்திலிருந்த குருவி பறக்கும்படி. "எல்லாரும் கேட்டுக்கங்க. கீழ்ச்சரிவு குடுத்தாச்சு. என் வார்த்தை!"

மேஜையே எழுந்து நின்று கத்தியது. சோலிகோ அவனைக் கட்டிப்பிடித்து ரெண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான். அடுப்படியில் வெனேரா தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சந்தோஷ அழுகை. அந்த நேரத்தில் லம்சிரா என்று ஒருத்தி இருப்பது ஒருவருக்கும் ஞாபகமில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். அந்தப் பயலுக்கு அது போதவில்லை.

"பெரியப்பா, இவ்ளோ பெரிய வார்த்தை. சும்மா ஒயின்ல முடிச்சிடலாமா? சாமித் தாழியைத் திறங்க. அதுல ஒரு வாய் குடிச்சிட்டா நானும் இந்த வீட்டுப் புள்ளை."

ஒயின் ஊறும் மற்ற மண் தாழிகளைப் போல அதுவும் மண்ணில் கழுத்துவரை புதைந்ததுதான், அளவில்தான் சிறியது. ஒவ்வொரு வருஷமும் முதலில் மிதித்த சாறு அதில் போகும். வீட்டுச் சாமிக்கும், வீட்டில் செத்தவர்களுக்கும். புனித ஜார்ஜ் திருநாளில் திறந்து, விளக்கேற்றி, வீட்டு ஆட்கள் மட்டும் குடிப்பார்கள். விற்கமாட்டார்கள், விருந்தாளிக்கு ஊற்றமாட்டார்கள். பெண் எடுத்த சம்பந்தி வந்தாலும் கிடையாது.

"அதைத் தொடாதே, ஜும்பர்" என்றாள் லம்சிரா. அவள் குரல் தழைந்துதான் வந்தது.

ஜும்பர் அவள் பக்கம் திரும்பவில்லை. மண்வெட்டியோடு ஒயின் கொட்டகைக்குள் போனான். களிமண் பூச்சைக் கொத்தி எடுக்கும் சத்தம் கேட்டது, பிறகு கல் மூடி நகரும் சத்தம். நீளக் காம்புச் சுரைக்குடுவையில் மொண்டு, கூஜாவில் ஊற்றி எடுத்து வந்தான். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட அவன் தன் கையால் அந்த மூடியை நகர்த்தியதில்லை. அது அம்ப்ரோசி செய்கிற வேலை, அவருக்குப் பிறகு லம்சிரா செய்கிற வேலை. தோர்னிகேவுக்கு ஊற்றினான். முகத்தில் ஒரு வெளிச்சம். முதன்முறையாகத் தன் வீட்டில் ஒருவனுக்கு ஊற்றுகிற மனிதனின் முகம் அது.

தோர்னிகே கிளாஸை வாங்கினான். ரொட்டித் துண்டை எடுத்தான். அதன்மேல் ரெண்டு சொட்டு விட்டான். சரியாக விட்டான், யாரும் குறை சொல்ல முடியாது.

"அம்ப்ரோசித் தாத்தாவுக்கு" என்றான்.

அவ்வளவுதான். லம்சிராவின் தலைக்குள் ஏதோ அறுந்தது. இவன் யார் அந்தப் பெயரைச் சொல்ல? அவர் முகத்தைப் பார்த்திருக்கிறானா? குளிரில் வெடித்த அந்தக் கையைப் பார்த்திருக்கிறானா? அவர் இவனைப் பார்த்திருந்தால் வாசல்படி ஏற விட்டிருப்பாரா? எல்லாவற்றையும் திருடிக்கொண்டவன் கடைசியில் அப்பனையும் திருடிக்கொண்டான் என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அழுகையும் வந்தது. அவன் முன்னால் அழுவதைவிடச் செத்துப் போகலாம் என்று அடுப்படிக்குள் போனாள்.

தண்ணீர் குடிக்கத்தான் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். பறிக்க வந்த ஆட்கள் வெயிலுக்கு வாங்கி மிச்சம் வைத்த பீர் பாட்டில் ஒன்று கதவில் இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். எடுத்தாள். பெரிய கிளாஸ் ஒன்றையும் எடுத்தாள்.

"என்னக்கா, பீரா?" என்றாள் வெனேரா, கண்ணைத் துடைத்தபடி. லம்சிராவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம் போய்விட்டது. "அக்கா, வேண்டாம். உன் காலைப் பிடிக்கிறேன். வேண்டாம்."

லம்சிரா மேஜைக்கு வந்தாள். நுரை வழிய ஊற்றிய கிளாஸ் அவள் கையில் இருந்தது. மிச்சத்தோடு பாட்டிலை மேஜையின் அந்தக் கோடியில் வைத்துவிட்டு நின்றாள், ஜும்பருக்கு நேர் எதிரே.

"தமாதா அனுமதி குடுத்தா, நானும் ஒரு வார்த்தை சொல்லட்டுமா?"

ஜும்பர் குடித்த மப்பில் கையைப் பார்க்கவில்லை. முகத்தை மட்டும்தான் பார்த்தான். சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்து, "சொல்லு லம்சிரா! என் வீட்டு விளக்கு! சொல்லு!" என்றான்.

அவள் கையில் இருந்ததைப் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள். சோலிகோவின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

எங்கள் ஊரில் பீர் குடிக்க மாட்டோம் என்றில்லை. வெயிலுக்குக் குடிப்போம், மீன் பொரித்தால் குடிப்போம். ஆனால் பீரைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் பெயரைச் சொல்லி வாழ்த்த மாட்டோம். ஒயினில் வாழ்த்துவது வேண்டியவனை. பீரில் வாழ்த்துவது எதிரியை. சொல்லும் வார்த்தை ஒவ்வொன்றும் நேர் தலைகீழாக அவன் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

"நான் தோர்னிகேயை வாழ்த்துறேன்" என்றாள் லம்சிரா. "நல்லா இரு தம்பி. உன் வீட்டுல விளக்கு அணையாம இருக்கட்டும். உன் கை வெச்சதெல்லாம் வெளங்கட்டும். போற வழியெல்லாம் உனக்கு ரோடு நேரா இருக்கட்டும். உன் புள்ளைங்க உன் பேரைச் சொல்லி இந்த மாதிரி மேஜையில ரொட்டி நனைக்கட்டும். நூறு வருஷம் இரு."

நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு வார்த்தைக்கும் அவன் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். பிறகு குடித்தாள். அவளுக்குப் பீர் பிடிக்காது, கசப்பு. அடிவரைக்கும் குடித்தாள்.

மார்லீஸ் கை தட்டினாள். அவளுக்குக் குரலும் முகமும்தானே தெரியும். "ரொம்ப அழகு!" என்று தனக்குத் தெரிந்த அரைகுறைப் பேச்சில் சொல்லி, தன் கிளாஸை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

தோர்னிகே அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "குடிக்காத."

"ஏன்?"

"குடிக்காதன்னா குடிக்காத!"

எங்கள் இழுப்பு எல்லாம் போயே போய்விட்டது. சுத்தமான திபிலிசிப் பேச்சு. அவன் முகம் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்திருந்தது. சிரிக்கவில்லை. முதல்முறையாகச் சிரிக்கவில்லை.

"புரிஞ்சிடுச்சா?" என்றாள் லம்சிரா. "கெட்டிக்காரன். வந்த புதுசுல சொல்லியிருந்தா நீயும் இந்தப் பொண்ணு மாதிரி கை தட்டியிருப்ப. இப்போ வலிக்குது இல்ல? சந்தோஷப்படு. இன்னிக்குத்தான் நீ இந்த ஊர்க்காரன் ஆன."

"உங்க புருஷன் வார்த்தை குடுத்திருக்காரு."

"அது அவரு வார்த்தை. அவருகிட்டயே வாங்கிக்கோ. சுட்டுத் தின்னு, வறுத்துத் தின்னு. தோட்டம் என்னுது. கையெழுத்துப் போட என் கைதான் வரணும், அது வராது."

தோர்னிகே எழுந்த வேகத்தில் பெஞ்சு சாய்ந்தது. கம்பளித் தொப்பியை எடுத்து மேஜைமேல் வீசினான். "கெழவி, உனக்கு என்ன கொறைச்சல் பண்ணேன் நான்? தண்ணி எறைச்சேன், கொடி வெட்டினேன், உன் வாயால ஒரு நல்ல வார்த்தை வரும்னு நாய் மாதிரி நின்னேன். இந்த மண்ணுலயே ஒத்தையாக் கெடந்து சாவு. ஒருத்தரும் வரமாட்டாங்க."

"இதைத்தான் நீ வந்த அன்னிக்கே சொல்லியிருக்கணும். எவ்ளோ சுருக்கமா முடிஞ்சிருக்கும்!"

மார்லீஸையும் ஏற்றிக்கொண்டு அவன் கார் கிளம்பிய புழுதி அடங்கும் முன் மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள். தமாதா எழும் முன் யாரும் எழக் கூடாது என்பதெல்லாம் காற்றில் போயிற்று. பறிக்க வந்த ஆட்கள் நைசாக நழுவினார்கள். சோலிகோ லம்சிராவுக்கு நேராக வந்து நின்றான், என்னவோ சொல்ல வாயெடுத்தான், காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனான். வெனேரா அடுப்படியிலிருந்து தன் குண்டாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அதில் இன்னும் பாதிக் கறி இருந்தது. அதை அப்படியே மேஜைமேல் கவிழ்த்துவிட்டு, வெறும் குண்டாவோடு வேலியைத் தாண்டினாள்.

ஜும்பர் மட்டும் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். மப்பு தெளிந்திருந்தது.

"காலையில என்ன சொன்ன நீ?" என்றாள் லம்சிரா. "ஏன்னு கேளுன்னு சொன்ன. கேக்குறேன். ஏன்?"

அவன் மேஜைமேல் கவிழ்ந்திருந்த கறியைக் கையால் ஓரமாக ஒதுக்கினான்.

"தோட்டம் யாருதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றான். "தெனம் தெரியும். காலையில கண்ணைத் திறந்தா தெரியும், கொடி வெட்டும்போது தெரியும், சோத்துல கை வெச்சா தெரியும். ஒருத்தன்தான், லம்சிரா, ஒரே ஒருத்தன்தான் அதைத் தெரியாதவன் மாதிரி எங்கிட்ட பேசினான்."

"பொய்யாப் பேசினான்."

"பொய்தான். நீ என்னிக்காவது பொய்யாவாவது பேசினியா?"

லம்சிராவுக்குப் பதில் இருந்தது. என் அப்பா தோட்டத்தை உன் கையில்தானே விட்டிருந்தேன், வேறு எவனையாவது உள்ளே விட்டேனா என்று கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. கோபத்தில், "அவ்ளோ கஷ்டமா இருந்தா வாசல் தொறந்துதான் கெடக்கு" என்றாள். சொன்ன வாய் மூடும் முன்னாலேயே அதை அள்ளி எடுத்துவிட முடியாதா என்று இருந்தது அவளுக்கு.

ஜும்பர் எழுந்தான். வாசல் பக்கம் போகவில்லை. மேஜையோரமாக நடந்து, ஒவ்வொரு பெஞ்சையும் கையால் தொட்டுக்கொண்டு, அவள் நின்ற கோடிக்கு வந்தான். அவள் வைத்திருந்த பாட்டிலை எடுத்தான். மிச்சம் இருந்த பீரை அவளுடைய கிளாஸிலேயே ஊற்றினான். சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டான். நூறு கல்யாணத்தில் நின்றதைப் போல நிமிர்ந்து நின்றான்.

"இந்தத் தோட்டத்து எஜமானிக்கு" என்றான், நாலு ஊரும் கேட்ட அதே குரலில். "அவ நெழல்ல எனக்கு எடம் குடுத்தவ. நூறு வருஷம் இருக்கட்டும். அவ பக்கத்துல எப்பவும் ஆள் இருக்கட்டும்."

குடித்தான். குடித்து முடிக்கும் வரை அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.